காலை பத்தே காலுக்கு உள்ளே போன அப்பா

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் கோல சிலாங்கூர் பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 63 வயது, பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நாலு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் காலை 6.10க்கு அம்மாவிடம் நன்றாகப் பேசிவிட்டுத்தான் காபி கலக்கப் போனார். 6.30க்கு அம்மா போய்ப் பார்த்தபோது கட்டிப்பால் டின் கீழே கிடக்கிறது, அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது, வலது கை தூக்க வரவில்லை, பேச்சும் வரவில்லை. பக்கத்து வீட்டு மாமா காற்று அடித்திருக்கும் என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டார். ஒன்பது மணிக்குக் கிளினிக் திறந்ததும் கூட்டிப் போனோம், அவர்கள் உடனே அரசாங்க மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். 10.15க்கு உள்ளே போனோம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் முடிந்துவிட்டது, பெரிய ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், குழாய் விட்டு எடுக்க கோலாலம்பூருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். கேட்டார்கள், காத்திருந்தோம், இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள், மறுபடி காத்திருந்தோம். மாலை 5.40க்குத்தான் ஆம்புலன்ஸ் கிளம்பியது. அங்கே போனதும் மூளையில் பாதிப்பு பரவிவிட்டது, இனி எடுத்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சிகிச்சை ஏன் எல்லா மருத்துவமனையிலும் இல்லை? தப்பு எங்கள் மேலா? இப்போது அந்தக் கட்டியை எடுக்க முடியுமா? அம்மாவுக்கும் ரத்த அழுத்தம் இருக்கிறது, ராத்திரி தூக்கமே வருவதில்லை. – ஒரு மகள்

பதில்:

தங்கச்சி, வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த நாலு மாதமாக ராத்திரியெல்லாம் அந்த நேரத்தைத்தான் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று புரிகிறது. அதனால் "தப்பு எங்கள் மேலா" என்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

உண்மையை மறைக்க மாட்டேன். அப்பாவுக்கு வந்தது பக்கவாதம். 6.30க்கே 999க்கு அடித்திருந்தால் அப்பாவுக்கு அந்த ஊசி கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி அது. கடைசியாக நன்றாக இருந்தது 6.10 என்றால் 10.40 வரைதான். 10.15க்கு வந்த ஒருவரைப் பரிசோதித்து, ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்து ஊசி போட 25 நிமிடம் யாருக்கும் பத்தாது. எண்ணெய், உருவல், கிளினிக் வாசல் என்று வீட்டுப் பக்கம் போனது மூன்றே முக்கால் மணி நேரம். சரி. ஆனால் மருத்துவமனைக்குள்ளே போனது எவ்வளவு என்று நீங்கள் எழுதியதையே நீங்கள் கூட்டிப் பாருங்கள். 10.15லிருந்து 5.40 வரை, ஏழு மணி இருபத்தைந்து நிமிடம். இது உங்கள் கையில் இருந்த நேரமே இல்லை. மாமாவிடமும் கோபப்படாதீர்கள். தமிழில் 'வாதம்' என்கிறோம், மலாய்க்காரர்கள் 'அங்கின் அஹ்மார்' என்கிறார்கள், இரண்டிலும் காற்றுதான் இருக்கிறது. பெயரே காற்று என்று சொல்லும்போது எண்ணெய் போட்டு உருவியவரை நான் எப்படிக் குறை சொல்வது? நான் கேரித் தீவில் தோட்டத்தில் வளர்ந்தவன். என் தாத்தாவுக்கும் கோடாலித் தைலம்தான் முதலில் தேய்த்தார்கள்.

இரண்டாவது, இப்போது அந்தக் கட்டியை எடுக்க முடியுமா என்றால், முடியாது. எடுத்தாலும் பயனில்லை. நாங்கள் கட்டியை எடுப்பது, அதற்கு அந்தப் பக்கம் ரத்தம் இல்லாமல் தவித்துக்கொண்டிருக்கும் மூளையைக் காப்பாற்றத்தான். நாலு மாதத்துக்குப் பிறகு அங்கே காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. யாராவது ஊசி போட்டுக் கரைக்கிறேன், மூலிகை கொடுத்து அடைப்பை எடுக்கிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் காசு அப்பாவின் பயிற்சிக்கு வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி.

இந்தச் சிகிச்சைக்குப் பெயர் திராம்பெக்டமி. தொடை இடுக்கில் ஒரு சின்னத் துளை, சில சமயம் மணிக்கட்டில். அது வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, நெஞ்சைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி மூளைக்குள் அடைத்த இடம் வரை கொண்டு போகிறோம். கட்டிக்குள் ஒரு வலைக் கம்பியை விரித்து, அது கட்டியைக் கவ்விக்கொள்ளச் சில நிமிடம் விட்டு, பின்னால் உறிஞ்சிக்கொண்டே மெல்ல இழுக்கிறோம். சில பேருக்கு வலையே வேண்டாம், உறிஞ்சினாலே வந்துவிடும். வெளியே வந்த கட்டியைத் துணியில் வைத்துப் பார்த்தால் கருஞ்சிவப்பாக, சின்ன மண்புழுத் துண்டு மாதிரி இருக்கும், பல சமயம் ஒரு சென்டிமீட்டர்தான். இத்தனூண்டா ஒரு மனிதனின் பேச்சையும் ஒரு பக்க உடம்பையும் நிறுத்தி வைத்தது என்று இத்தனை வருடத்துக்கு அப்புறமும் எனக்குத் தோன்றும். அடுத்த படத்தில் திரையில் அதுவரை மொட்டையாக நின்ற ரத்தக்குழாய் கிளை கிளையாக விரியும். மயக்கம் கொடுக்காமல் செய்திருந்தால், சில பேர் அந்த மேசையிலேயே கையைத் தூக்குவார்கள்.

இது எல்லாப் பக்கவாதத்துக்கும் பொருந்தாது. ரத்தக்கசிவால் வரும் பக்கவாதத்துக்கு இல்லை. அடைப்பால் வருவதிலும் பெரிய ரத்தக்குழாய் அடைத்தவர்களுக்குத்தான். மொத்தத்தில் பார்த்தால் பத்துப் பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒருவர்தான் மற்றவர்களைவிட மோசமாக விழுகிறவர், பிழைத்தாலும் படுக்கையோடு போகிறவர். 2015இல் ஐந்து ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றில் இருந்த 1,287 பேரின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்ததில், ஊசி முதலான வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களில் 26.5 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் சொந்தக் காலில் நின்றார்கள், கட்டியை எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர். முன்பு ஆறு மணி நேரத்துக்குள் என்று இருந்தது. 2018இல் வெளியான இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேனில் மூளை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூட எடுக்கலாம் என்றாகிவிட்டது. அதில் ஒன்றில், எடுத்தவர்களில் 49 சதவீதம் பேர் யார் துணையும் இல்லாமல் வாழும் நிலைக்கு வந்தார்கள், எடுக்காதவர்களில் 13 சதவீதம் பேர்தான்.

அப்பா கோலாலம்பூர் வந்து சேர்ந்தபோது பதின்மூன்று மணி நேரம்தானே ஆகியிருக்கும், 24 இன்னும் ஆகவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அந்த 24 எல்லாருக்கும் கிடைக்கும் தவணை கிடையாது. சில பேருக்குப் பக்கத்து ரத்தக்குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கொடுத்து மூளையைத் தாக்குப்பிடிக்க வைக்கும். சில பேருக்கு இரண்டு மூன்று மணி நேரத்திலேயே முடிந்துவிடும். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் சராசரியாக ஒரு நிமிடத்துக்கு 1.9 மில்லியன் நரம்பணுக்கள் போகின்றன என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அப்பா எந்த வகை என்று அந்த முதல் ஸ்கேன்களை வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். நான் அவற்றைப் பார்க்கவில்லை, அதனால் மதியம் ஒரு மணிக்கு வந்திருந்தால் நடந்திருப்பார் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். வாய்ப்பு இதைவிட நன்றாக இருந்திருக்கும், அதைத் தாராளமாகச் சொல்வேன்.

ஏன் எல்லா மருத்துவமனையிலும் இல்லை? எந்திரம் விலை அதிகம், குழாயும் வலையும் ஒரு தடவை பயன்படுத்தி எறிவது, வெளிநாட்டிலிருந்து வருவது. அதெல்லாம் ஒரு பக்கம். ஆள்தான் பெரிய சிக்கல். மூளை ரத்தக்குழாய்க்குள் கம்பி விடப் பழக வருடக்கணக்கில் ஆகும், பழகியவரும் அடிக்கடி செய்துகொண்டே இருந்தால்தான் கை பேசும். அவரோடு மயக்க மருத்துவர், தாதிகள், எக்ஸ்ரே தொழில்நுட்பர் என்று ஒரு குழுவே தீபாவளி ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வர வேண்டும். ஒருவர் 365 நாளும் விழித்திருக்க முடியாது, மூன்று நாலு பேராவது இருந்தால்தான் முறை போட முடியும். கோலாலம்பூரில் லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை மாதிரி பெரிய இடங்களில்தான் இப்படிக் குழு சேர்கிறது. தனியாரிலும் செய்கிறார்கள், ஆனால் முன்பணத்தைக் கேட்டால் உங்கள் வீட்டிலும் என் பெற்றோர் வீட்டிலும் நெஞ்சே அடைத்துவிடும்.

அதனால் ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்த அறையைக் கட்டுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கட்டினாலும் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும். நான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருப்பது வேறு: முதல் மருத்துவமனைக்குள் வந்த நோயாளி அங்கிருந்து வெளியே வர ஆகும் நேரத்தைக் குறையுங்கள். உங்கள் அப்பாவுக்கு ஏழே கால் மணி நேரத்துக்கு மேல் ஆன அந்த நேரம்தான். இதை 90 நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவை எடுத்துப் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள், அங்கேயே நடுக்கணக்கு 174 நிமிடம், அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் மேல். அவ்வளவு பணமும் எந்திரமும் இருக்கிற நாட்டிலேயே அப்படி என்றால் இது வெறும் காசுப் பிரச்சினை இல்லை, வேலை நடக்கும் வரிசைப் பிரச்சினை.

வரிசை என்றால் என்ன என்று உங்கள் அப்பா கதையிலேயே காட்டுகிறேன். 'இன்னொரு ஸ்கேன்' என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அது பெரும்பாலும் சிடி ஆஞ்சியோவாக இருக்கும், அடைப்பு எந்த ரத்தக்குழாயில் என்று காட்டுவது. வாயும் கையும் பேச்சும் சேர்ந்து போன ஒருவருக்கு, முதல் ஸ்கேனுக்கு மேசையில் படுக்க வைத்தபோதே கையில் மருந்தை ஏற்றி அதையும் எடுத்துவிடலாம், கூடுதலாகச் சில நிமிடம்தான். இறக்கி, வார்டுக்கு அனுப்பி, மறுபடி வரிசையில் நிறுத்தினால் மணிக்கணக்கில் போய்விடும். அப்புறம் அந்தப் படம் எங்களைப் போன்றவர்களின் கைப்பேசிக்கு உடனே வர வேண்டும். சில வருடத்துக்கு முன்பு வெளியூரிலிருந்து ஒரு அம்மா வந்தார், அவரோடு படங்கள் ஒரு குறுந்தட்டில், பழுப்பு உறையில், மேலே பேனாவில் பெயர் எழுதி. அந்தத் தட்டு எங்கள் கணினியில் திறக்கவில்லை. வேறு கணினியில் போட்டோம், துடைத்துப் போட்டோம், கடைசியில் மறுபடி ஸ்கேனுக்கே கொண்டு போனோம். நாற்பது நிமிடம். அவர் கணவர் அந்தக் காலி உறையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றதை நான் மறக்கவில்லை.

அதற்கு அடுத்தது தொலைபேசி. மாவட்ட மருத்துவமனையில் இருக்கும் இளம் டாக்டர் மூன்று பெரிய மருத்துவமனைக்கு அடித்து, ஒவ்வொரு இடத்திலும் நாலு பேரிடம் அதே கதையைச் சொல்லி, கடைசியில் 'கட்டில் இருக்கிறதா பார்த்துச் சொல்கிறோம்' என்ற பதிலுக்குக் காத்திருப்பார். அவர் மேலும் தப்பில்லை. ஒரே எண், எடுத்தவரே சரி அனுப்புங்கள் என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர், கட்டிலை நோயாளி வழியில் இருக்கும்போது தேடிக்கொள்வது, இப்படி மாற்றினால் நேரம் எவ்வளவு மிச்சமாகும் என்று நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். கடைசியாக ஆம்புலன்ஸ். கொண்டு வந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்றைத் தேடுகிறார்கள். பெரிய அடைப்பு என்று சந்தேகம் வந்த உடனே ஒரு வண்டியை நிறுத்தி வைத்தால் ஸ்கேன் முடிந்ததும் கிளம்பிவிடலாம். இதில் எதற்கும் புதுக் கட்டடம் வேண்டாம்.

பணமும் வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. பிரேசிலில் தங்கள் அரசாங்க மருத்துவமனைகளிலேயே இதைச் செய்து பார்த்தார்கள், 12 மருத்துவமனை, 221 பேர், 2020இல் வெளியானது. சொந்தக் காலில் நின்றவர்கள் எடுக்காதவர்களில் 20 சதவீதம், எடுத்தவர்களில் 35 சதவீதம். நெருக்கடியான பொது மருத்துவமனையிலும் இது வேலை செய்யும் என்று காட்டிவிட்டார்கள். 75 நாடுகளில் எடுத்த ஒரு கணக்கில், தேவைப்படுகிறவர்களில் இது கிடைப்பது நடுக்கணக்கில் நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூட இல்லை. நூறு பேருக்கு வேண்டியது மூன்று பேருக்கு! நம் நாட்டில் 2020இல் வந்த சிகிச்சை வழிகாட்டியிலும் இது இருக்கிறது. ஏட்டில் இருப்பது கோல சிலாங்கூர் வரை வர வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

நீங்கள் ஒரு காரியம் செய்யலாம். எனக்கு எழுதிய அதே நேரக் கணக்கை அந்த மருத்துவமனையின் பொது உறவுப் பிரிவுக்கும், லெம்பாகா பெலாவாட் என்கிறோமே, அந்த வருகையாளர் வாரியத்துக்கும் எழுதுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு பிரதி. யாரையும் தண்டிக்கச் சொல்லி வேண்டாம். 10.15க்கு உள்ளே, 5.40க்கு வெளியே, இடையில் எந்த நேரம் எதற்குப் போனது என்று எங்களுக்குச் சொல்லுங்கள், அடுத்தவருக்கு எப்படிக் குறைப்பீர்கள் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். டாக்டர்கள் நாங்கள் கூட்டத்தில் பத்து தடவை பேசுவதைவிட ஒரு மகளின் கடிதம் சீக்கிரம் வேலை செய்யும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஒரு ரத்த அழுத்த எந்திரம் வாங்குங்கள், காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். 130க்கு 80 பக்கம் வந்தால் நல்லது, 140க்கு 90க்கு மேலேயே நின்றால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போய் மருந்தைக் கூட்டச் சொல்லுங்கள். தலை சுற்றவில்லை, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அம்மாவுக்கோ வேறு யாருக்கோ வாய் கோணினால், கை கால் ஒரு பக்கம் விழுந்தால், பேச்சு குழறினால், திடீரென்று பார்வை போனால், அந்த நிமிடமே 999. சொந்தக் காடியில் போனால் சீக்கிரம் என்று தோன்றும். ஆனால் ஆம்புலன்ஸ்காரர்கள் முன்கூட்டியே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னால் அங்கே ஆட்கள் தயாராக நிற்பார்கள். நான் சொன்ன அந்த அமெரிக்கக் கணக்கிலேயே அப்படித் தகவல் போனவர்கள் இருபது நிமிடம் முன்னதாக வெளியே அனுப்பப்பட்டிருக்கிறார்கள். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், விழுங்க வராமல் நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின் வேண்டாம், உள்ளே கசிவா அடைப்பா என்று ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. விரல் நுனியை ஊசியால் குத்தி ரத்தம் எடு என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது, அதை வீட்டில் எல்லாரும் அழித்துவிடுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தூக்கத்திலிருந்து எழும்போதே அப்படி இருந்தால், படுக்கப் போன நேரம்தான் கணக்கு. மருத்துவமனையில் "பெரிய ரத்தக்குழாய் அடைப்பா? சிடி ஆஞ்சியோ எடுப்பீர்களா? கட்டியை எடுக்கும் இடத்துக்கு அனுப்புவீர்களா?" என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். இதைக் கேட்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

அப்பாவுக்கு நாலு மாதம்தான் ஆகிறது, முன்னேற்றம் இன்னும் வரும். முதல் ஆறு மாதம் வேகமாக வரும், அதற்கு அப்புறமும் மெதுவாக வரும். பெட்டாலிங் ஜெயாவில் நாசாம் என்ற தேசியப் பக்கவாதச் சங்கம் இருக்கிறது, பக்கவாதத்திலிருந்து மீண்ட ஒரு பெண்மணியே 1996இல் தொடங்கியது, அங்கே விசாரியுங்கள். தூரம் என்றால் உங்கள் மருத்துவமனையின் பிசியோ பிரிவையே பிடித்துக்கொள்ளுங்கள், பேச்சுப் பயிற்சியையும் கேட்டு வாங்குங்கள், அதைப் பல பேர் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் அவர் வலது கையை நீங்களே தூக்கிவிட்டு எல்லாம் செய்துகொடுக்காதீர்கள். காபி டம்ளரை அவரே பிடிக்கட்டும், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. கட்டி எங்கிருந்து வந்தது என்று யாராவது சொன்னார்களா? இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போகும், அதற்குக் கொடுக்கும் மருந்தே வேறு, அது தெரியாமல் விட்டால் இன்னொரு தடவை வரும். 24 மணி நேரம் நெஞ்சில் கட்டிப் பார்க்கும் ஹோல்டர் சோதனையும், கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேனும் அப்பாவுக்கு எடுத்தார்களா என்று மருத்துவமனைக் கார்டைப் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் அடுத்த தேதி வரை விடாதீர்கள், திங்கட்கிழமையே போய்க் கேளுங்கள்.